தனி ஆவர்த்தன அண்ணாச்சி

வெளியூரிலிருந்து விருந்தாளி வந்தால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப் போவது ராஜபாளையத்தார் வழக்கம். கார் எடுத்தால் அரை மணி நேரத்துக்குள் ஆண்டாள் சன்னிதி. தரிசனம் முடித்து, ஆளுக்கு அரைக் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். விருந்தாளி வந்து இறங்கியது தனி ஆவர்த்தன அண்ணாச்சி வீடாக இருந்துவிட்டால் கதை வேறு.

"காரா? கமிஷன் குடுக்கிற கடை வாசல்லதான் கொண்டுபோய் நிப்பாட்டுவான். நாம பஸ்ல போவோம்."

பஞ்சு மார்க்கெட்டில் மதுரை பஸ்ஸுக்காக வெயிலில் நிற்பதில் ஆரம்பிக்கும் பயணம். கோவிலில் அவரே வழிகாட்டி. பதினொரு நிலை, 192 அடி, அரசு முத்திரையில் இருக்கிற கோபுரம் என்று அண்ணாந்து பார்க்க வைத்துச் சொல்வார். கழுத்து வலிக்கிற வரைக்கும் சொல்வார். பிறகு பால்கோவா. வழியில் இருக்கிற ஒவ்வொரு கடையும் தன்னைத்தான் ஒரிஜினல் என்று போர்டு போட்டிருக்கும். அண்ணாச்சி எதையும் திரும்பிப் பார்க்க மாட்டார். பால் கூட்டுறவுச் சங்கத்துக் கடைக்குத்தான் போவார். "எப்பக் கிண்டினது?" என்று கேட்பார். கவுண்டரில் இருப்பவர் காலையில் என்று சொன்னாலும் விடாமல், ஒரு துண்டை விரலில் எடுத்து நசுக்கி, மணல் மணலாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுப்பார். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பண்டம், பாலும் சர்க்கரையும் தவிர வேறெதுவும் சேராது என்ற உரையை விருந்தாளி பசியோடு கேட்பார். வீடு திரும்பும்போது மணி நாலு.

இந்த ரகத்து மனிதர் எல்லா ஊரிலும் உண்டு என்றாலும் மில் ஊரில் கொஞ்சம் கூடுதலாகவே விளைகிறார். முப்பது வருஷம் பஞ்சு பேல் கணக்கையும் லாரி வாடகை வவுச்சரையும் சரிபார்த்த கண், ஓய்வு பெற்ற மறுநாளே சும்மா இருக்குமா? உலகத்தில் யாரோ ஒருவர் நடுவில் நின்று பத்து சதவீதம் தின்கிறார் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. அந்தப் பத்து சதவீதத்தைக் காப்பாற்ற இருபது சதவீதம் செலவானால் அது வேறு கணக்கு. அதற்குத் தனி நோட்டு.

எதிர்க்கட்சி பதினொரு கிலோமீட்டர் தூரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. அவருடைய கொழுந்தியா. அந்த அம்மாவுக்கு ஊர் என்றாலே டூர்தான். நவதிருப்பதி வேன், நவக்கிரக பஸ், சமையல்காரரும் அண்டாவும் கூடவே வருகிற காசி யாத்திரை எல்லாம் முடிந்தாயிற்று. பஸ்ஸின் பின்பக்கத்துக் காஸ் அடுப்பில், எந்த மாநிலத்துப் பார்க்கிங்காக இருந்தாலும், ரசம் கொதிக்கும். 2022 ஜூனில் கோவையிலிருந்து ஷீரடிக்கு முதல் பாரத் கௌரவ் சுற்றுலா ரயில் கிளம்பியதிலிருந்து ரயிலிலும் அதே ருசி கண்டுவிட்டார். "அத்தான், நீங்களும் அக்காவும் வாங்களேன். காப்பிலருந்து கட்டில் வரைக்கும் அவங்களே பாத்துக்கிடுவாங்க" என்பார். அத்தானுக்கு அந்த 'அவங்களே'தான் தொண்டையில் சிக்கும்.

டூர் என்ற ஏற்பாட்டின் மேல் அண்ணாச்சிக்கு இருக்கும் கோபம், டூர் ஏஜெண்டுகளின் முன்னோடியான இங்கிலாந்துக்காரர் தாமஸ் குக் வரைக்கும் போகிறது. 1841 ஜூலை 5 அன்று அந்த மனிதர் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஐந்நூறு பேர் போல ரயிலில் கூட்டிப் போனார். ஆளுக்கு ஒரு ஷில்லிங். போனது மதுவிலக்குக் கூட்டத்துக்கு. தூரம் இருபது கிலோமீட்டர்கூடக் கிடையாது. "ராஜபாளையத்துல ஏறி சீவில்லிபுத்தூர் தாண்டிக் கொஞ்ச தூரம் போறதுக்கு ஒரு ஏஜெண்டா?" என்று அண்ணாச்சி இன்றைக்கும் வெகுள்வார். ஆட்டு மந்தை மாதிரி ஒரு குடைக்குப் பின்னால் போவதற்கு வீட்டிலேயே இருக்கலாம் என்பது அவர் தீர்ப்பு.

இப்படிப்பட்டவரை மகன் கப்பலில் ஏற்றிவிட்டால் என்ன ஆகும்?

ராஜபாளையத்துப் பையன்கள் ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் வேலை பார்க்கிற காலம் இது. அப்பா அம்மா வந்தால் மூன்று மாதம் குடியிருப்பில் அடைத்து வைப்பானேன் என்று மத்தியதரைக் கடல் சொகுசுக் கப்பலில் ஒரு வாரத்துக்குச் சீட்டு எடுத்துவிடுகிறார்கள். ராத்திரி ஓடும், பகலில் ஒரு துறைமுகத்தில் நிற்கும். காலை எட்டு மணிக்கு இறக்கிவிட்டு சாயங்காலம் ஐந்து, ஆறரைக்குள் ஏறச் சொல்வார்கள். இடைப்பட்ட நேரத்துக்குக் கப்பல்காரர்களே பஸ், வழிகாட்டி, காதுக்கு ஒரு கருவி எல்லாம் வைத்து டூர் விற்பார்கள். அதற்குத் தனிக் காசு. விலைப் பட்டியலைப் பார்த்ததும் அண்ணாச்சி யூரோவை ரூபாயாக்கி, ரூபாயைப் பால்கோவாவாக்கிப் பார்த்தார். அத்துடன் முடிந்தது.

தனியாகப் போவதில் நியாயம் இல்லாமலில்லை. பிரேயஸ் துறைமுகத்தில் இறங்கினால் ஏதென்ஸ் மெட்ரோவின் பச்சைத் தடம் அரை மணி நேரத்துக்குள் மொனாஸ்டிராக்கியில் கொண்டுபோய் விடும். தலை தூக்கினால் அக்ரோபோலிஸ் குன்று. நேப்பிள்ஸில் சர்க்கும்வெசுவியானா என்ற உள்ளூர் ரயில் பாம்பேயி இடிபாடுகளின் வாசலுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. இந்த இரண்டு ஊரிலும் கப்பல்காரருக்குக் காசு கொடுப்பது அண்ணாச்சி கணக்கில் மட்டுமல்ல, யார் கணக்கிலும் கொஞ்சம் அதிகம்தான். ஒன்று மட்டும் கவனம். 2023 செப்டம்பரிலிருந்து அக்ரோபோலிஸில் நாளொன்றுக்கு 20,000 பேர்தான், அதுவும் நேரம் குறித்த சீட்டோடு. பாம்பேயியிலும் 2024 நவம்பரிலிருந்து அதே 20,000. "போய் வாசல்ல வாங்கிக்கிடலாம்" என்று கிளம்புகிறவருக்கு வாசல் மட்டுமே காட்சி.

வம்பு வருவது ரோமில். கப்பல் அட்டவணையில் 'ரோம்' என்று போட்டிருக்கும். நிற்பது சிவிட்டாவெக்கியாவில். ரோம் அங்கிருந்து எழுபது கிலோமீட்டருக்கு மேல். மதுரை என்று டிக்கெட் எழுதி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறக்கிவிட்ட கதை. ஃபுளோரன்ஸ் என்று போட்டு லிவோர்னோவில் நிற்பதும் அப்படித்தான், அங்கே கிட்டத்தட்ட தொண்ணூறு கிலோமீட்டர். துறைமுகத்துக்குள் நடக்க விடமாட்டார்கள். ஒரு பஸ் வாசலுக்கு, இன்னொரு பஸ் ஸ்டேஷனுக்கு. பிறகு வரிசை, பிறகு பிராந்திய ரயில். காகிதச் சீட்டு வாங்கினால் மட்டும் போதாது, பிளாட்பாரத்தில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் செருகி நேரத்தை அச்சடித்துக்கொள்ள வேண்டும். அச்சில்லாத சீட்டுக்கு அபராதம் உண்டு. "காசு குடுத்து வாங்கின சீட்டுக்கு எதுக்குங்க மறுபடி ஒரு சீல்?" என்று அண்ணாச்சி வீட்டு அம்மா கேட்டது நல்ல கேள்விதான். பரிசோதகர் வந்தபோது அதே கேள்வியை அண்ணாச்சி தமிழில் கேட்டார். அவர் இத்தாலிய மொழியில் பதில் சொன்னார். இருவரும் சளைக்கவில்லை, ரசீது மட்டும் இத்தாலிய மொழியில் இருந்தது.

அண்ணாச்சியின் கைக்கடிகாரம் இந்திய நேரத்தை விட்டு நகராது. கோடையில் இத்தாலிக்கு மூன்றரை மணி கழிக்க வேண்டும். கிரீஸ் போனால் இரண்டரை. கழித்தலில் அவர் புலி. ஆனால் அம்மா மணி என்னவென்று கேட்டால், பதில் வர ஒரு நிமிஷம் ஆகும், வந்த பிறகும் அது எந்த ஊர் மணி என்று கேட்க வேண்டியிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பயம். கப்பல்காரர்களின் பஸ் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். முடியாவிட்டால் அடுத்த துறைமுகத்துக்கு அவர்கள் செலவில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். தனியாகப் போனவருக்காக நிற்காது. பல கப்பல்களில் அறைப் பெட்டகத்திலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துத் துறைமுக ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பேச்சுக்குச் சொல்வதில்லை. 2024 மார்ச்சில் சாவோ தோமே தீவில், வெளியாள் நடத்திய டூரில் போய்த் தாமதமாக வந்த எட்டுப் பேரை விட்டுவிட்டு நார்வேஜியன் டான் கப்பல் கிளம்பிவிட்டது. காம்பியாவில் ஏறிக்கொள்ளலாம் என்று நாடு நாடாகப் போனால், நீர்மட்டம் சரியில்லை என்று கப்பல் அங்கே நிற்காமலே தாண்டியது. கடைசியில் செனகலின் டாக்காரில்தான் பிடிக்க முடிந்தது.

இந்தச் செய்தியை மகன் ஒருமுறை படித்துக் காட்டியதுதான் தப்பு. பொதிகை எக்ஸ்பிரஸ் வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே ராஜபாளையம் ஸ்டேஷன் பெஞ்சில் இடம் பிடிக்கிற மனிதர் அவர். ரோமில் என்ன செய்வார்? வத்திக்கான் சதுக்கத்தில் இருபது நிமிஷம். கொலோசியத்தை வெளியிலிருந்து ஒரு சுற்று. "நேரமாச்சு, நேரமாச்சு." ஓட்டமாக ஸ்டேஷன். நாலு மணிக்கெல்லாம் துறைமுக வாசலில், கப்பலைப் பார்த்தபடி, தட்டையும் முறுக்கும் பிரித்துக்கொண்டு. ஏறச் சொன்ன நேரமோ ஆறரை. டூரில் போனவர்கள் கொலோசியத்துக்குள் போய், ஐஸ்கிரீம் சாப்பிட்டு, பஸ்ஸில் தூங்கி, ஆறே முக்காலுக்கு வந்து நிதானமாக ஏறினார்கள்.

"சுதந்திரமாப் பாத்தோம்ல" என்றார் அண்ணாச்சி.

"சுதந்திரமா உக்காந்திருக்கோம்" என்றார் அம்மா.

சான்டோரினியில் அம்மாவின் பொறுமை தீர்ந்தது. அங்கே பெரிய கப்பல் கரைக்கு வராது. நடுக்கடலில் நிற்க, சின்னப் படகில் இறங்க வேண்டும். முதல் படகுகள் டூர் வாங்கியவர்களுக்கு. அவர்களை அதினியோஸ் துறைக்குக் கொண்டுபோய் பஸ்ஸில் மலையேற்றி விடுவார்கள். மற்றவர்கள் பழைய துறையில் இறங்கி ஃபீரா ஊருக்குக் கேபிள் காருக்கு வரிசை நிற்கலாம், அல்லது ஐந்நூற்றுச் சொச்சம் படி ஏறலாம், இல்லையென்றால் கழுதை. வரிசையைப் பார்த்ததும் அண்ணாச்சி "சதுரகிரியே ஏறின ஆளு நான்" என்று படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். அம்மா வரிசையை விட்டு அசையவில்லை. அவர் வேர்த்து விறுவிறுத்து மேலே போய்ச் சேர்ந்தபோது அம்மா அங்கே நிழலில், வடநாட்டு டூர் கூட்டத்துப் பெண்மணி ஒருவர் கொடுத்த தேப்லா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சென்னையிலேயே கப்பல் ஏறியவர்களிடமும் இந்தக் கூத்து நடக்கிறது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டேலியா கப்பல் ஓட ஆரம்பித்தது. அடுத்த வருஷம் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்குப் போனது. காங்கேசன்துறையில் இறங்கியதும் டூர் பஸ் நல்லூருக்குக் கிளம்பும். நம்மவர் ஆட்டோக்காரரிடம் மாவிட்டபுரம் கந்தசாமி கோவிலுக்கு வாடகை பேசுவார். கேட்ட தொகை இலங்கை ரூபாயா இந்திய ரூபாயா என்று தெளிவு பிறப்பதற்குள் நடந்தே போயிருக்கலாம். இருந்தாலும் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: பஸ்ஸில் போனவர் யாரும் அந்த ஆட்டோக்காரர் வீட்டுத் தேத்தண்ணி குடித்திருக்க முடியாது. இவர் குடித்தார். பேரம் முடியாமலே குடித்தார்.

ஊர் திரும்பியதும்தான் அண்ணாச்சி முழு வடிவம் எடுக்கிறார். துறைமுகம் வாரியாக ரயில் நேரம், எந்த வாசல், எந்த ஸ்டேஷன், எங்கே சீல், எங்கே கழிப்பறை என்று முழு நீளத் தாளில் எழுதி ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறார். ஐரோப்பா போகிறவர், போகாதவர், மகன் பிளஸ் டூ படிக்கிறவர் எல்லாருக்கும் ஆளுக்கொன்று. துருக்கியில் குஷாதாசி மாதிரி இடத்துக்குப் போய்த் திரும்பினால் ஷெங்கன் விசா பலமுறை நுழைவாக இருக்க வேண்டும் என்று சிவப்பு மையில் அடிக்கோடு. சொல்லப்போனால் உருப்படியான தாள். எந்த ஏஜெண்டும் காசில்லாமல் கொடுக்காதது.

கொழுந்தியா அதையும் படித்தார். "அத்தான், இம்புட்டு விவரமா எங்க டூர்க்காரர்கூடச் செய்ய மாட்டார். புரட்டாசி சனிக்கிழமைக்கு நவதிருப்பதி நீங்களே நடத்துங்களேன்" என்றார். அது கிண்டலா வேண்டுதலா என்று அம்மாவுக்கே விளங்கவில்லை. அண்ணாச்சிக்கு விளங்கிவிட்டது.

இப்போது அவரிடம் பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வேன்காரரிடம் நேரில் பேரம் முடித்தாயிற்று. தாமிரபரணியின் இரு கரையிலும் ஒன்பது கோவில், நடை சாத்துவதற்குள் எத்தனை, திறந்த பிறகு எத்தனை, ஆழ்வார்திருநகரியில் எவ்வளவு நேரம் என்று நிமிஷக் கணக்கில் அட்டவணை போட்டு, கொழுந்தியா வழியாகத் தெரு முழுக்க விநியோகம். கூட்டத்தில் யாரும் தவறிவிடக் கூடாது என்பதற்காக மகன் ஜெர்மனியில் வாங்கிக் கொடுத்த மஞ்சள் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பதாக ஏற்பாடு. ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாக வாங்கியிருக்கிறீர்களே என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதற்கு, அது எதிர்பாராத செலவுக்கு என்றார். கேட்டவரும் பழைய மில் ஆள்தான். பத்து சதவீதம் என்று உடனே கணக்குப் போட்டுவிட்டார்.

"காலைல நாலரைக்கு பஞ்சு மார்க்கெட். சீவில்லிபுத்தூர் ஆளுங்க முந்தின நாளே வந்து தங்கிக்கிடணும். யாருக்காகவும் வேன் நிக்காது, சொல்லிட்டேன்."

"எனக்காகவுமா?" என்று அம்மா கேட்டார். அண்ணாச்சி அட்டவணையைப் புரட்டிப் பார்த்தார்.

"நீ மூணரைக்கே எந்திரிச்சு எல்லாருக்கும் புளியோதரை கட்டணும்ல."