சேதுக்கரையில் ஜீப்பைத் தூக்கிய கதை

1897 ஜனவரி 26. விவேகானந்தர் இலங்கையிலிருந்து பாம்பனில் வந்து இறங்குகிறார். வரவேற்கக் காத்திருந்தவர் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. சுவாமியை அரண்மனை சாரட்டில் உட்காரவைத்து, குதிரைகளை அவிழ்த்துவிட்டு, ஜனங்களே இழுத்துப் போனார்கள். இழுத்தவர்களில் மன்னரும் ஒருவர். பக்தியால் இழுத்தார் என்றுதான் எழுதிவைத்திருக்கிறார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் தன் சீமையின் மணலைத் தெரிந்துவைத்திருந்த மனிதர் அவர் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த மண்ணில் எல்லாப் பக்கமும் இழுவை இருந்தால்தான் சக்கரம் நகரும், இல்லையென்றால் ராஜாவானாலும் இறங்கித் தள்ள வேண்டியதுதான். அமெரிக்க ராணுவத்துக்கு வில்லிஸ் ஜீப் வந்து சேர இன்னும் 44 வருடம் இருந்தது.

அதற்கும் முந்தைய போக்குவரத்துத் திட்டமான ராமர் சேது எல்லோருக்கும் தெரியும். அந்த வானரப் படையிடம் வண்டியே கிடையாது, ஆகவே ஸ்பிரிங் பட்டை உடையவில்லை. பாதையைத்தான் உயர்த்தினார்கள். தலைமைப் பொறியாளர் நளன் மேல் ஒரு தணிக்கைக் குறிப்பும் இல்லை.

வெள்ளைக்காரனுக்கும் தூக்கும் ஆசை இருந்தது. 1914 பிப்ரவரியில் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் நடுவில், ஷெர்சர் முறையில் இரண்டு இறக்கைகள். கப்பல் வந்தால் ஆட்கள் நின்று கையாலேயே நெம்பித் தூக்குவார்கள். சென்னையிலிருந்து போட் மெயில் தனுஷ்கோடி வரை வரும், அங்கிருந்து நீராவிக் கப்பல் தலைமன்னாருக்கு, அங்கே இன்னொரு ரயில் கொழும்புக்கு. வேறு வேறு சாமான்களை ஒட்டவைத்து இந்தக் கரையில் உருப்படியாக ஓடிய ஏற்பாடு இது ஒன்றுதான். காரணம் எளிது: ரயில் நீந்தப் பார்க்கவில்லை, கப்பல் தண்டவாளத்தில் ஏறப் பார்க்கவில்லை.

1964 டிசம்பர் புயல் அதை முடித்துவைத்தது. தனுஷ்கோடி போயிற்று, பாம்பன் பாசஞ்சர் ரயில் அதில் இருந்தவர்களோடு போயிற்று. அதைப் பற்றி வேடிக்கை பேச எனக்கு வாய் வராது.

பிறகுதான் ஜீப்பின் காலம். ஜீப் இந்தியாவுக்கு வந்த வழியே ஒரு கூத்து. 1945இல் கம்பெனியின் பெயர் மஹிந்திரா அண்ட் முகமது. பிரிவினை வந்ததும் பங்காளி குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் நிதியமைச்சராகி, பின்னர் கவர்னர் ஜெனரலாகவே ஆகிவிட்டார். இங்கே மிஞ்சியவர்கள் 1948இல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா என்று மாற்றிக்கொண்டார்கள். எம் அண்ட் எம் அப்படியே நின்றது, முத்திரைச் செலவு மிச்சம். ஒரு பங்காளி தேசத்தின் தலைவரானார், இன்னொரு தரப்பு ஜீப் விற்றது. எது அதிக நாள் ஓடியது என்று சொல்ல வேண்டியதில்லை.

புயலுக்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்குத் தனுஷ்கோடி போகும் தார்ச்சாலை முகுந்தராயர் சத்திரத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் மணலும் சேறும் உப்புத் தண்ணீரும். ஜீப்புகளும் வேன்களும்தான் யாத்ரீகர்களை அள்ளிப்போட்டுக்கொண்டு போயின. எல்லாம் வயதானவை. உப்பு, பட்டைக்கு நடுவே புகுந்து துருவாகி, வளைவு தொலைந்து, வண்டி குந்தியிருக்கும். குந்தியிருக்கும் வண்டியைப் பார்த்தால் நம்மவர்களுக்குக் கை சும்மா இருக்காது.

வைத்துக்கொள்வோம்: ஒருவர் பியூஜோ டீசல் என்ஜின் போட்ட பழைய எம்.எம். 540 ஜீப்பை ராமநாதபுரம் பட்டறைக்குக் கொண்டுவருகிறார்.

"அண்ணே, ஷாக்கிளை நாலு இஞ்சு நீட்டிட்டா வண்டி நாலு இஞ்சு ஏறிடும்ணே."

ஏறாது. பட்டையைச் சேஸோடு இணைக்கும் ஷாக்கிள் அதன் ஒரு முனையில்தான், ஆகவே நடுவில் இருக்கும் அச்சுக்குக் கிடைப்பது பாதி, இரண்டு இஞ்சு. போதவில்லை என்று அடுத்த வாரம் பட்டையில் ஒரு பிளேட் சேர்ப்பார்கள். அதுவும் போதாமல், அச்சுக்குக் கீழே இருந்த பட்டையை மேலே மாற்றுவார்கள், சுமார் ஐந்து இஞ்சு. கடைசியில் பாடிக்கும் சேஸுக்கும் நடுவே ரப்பர் கட்டை. அதோடு வண்டி கோயில் தேர். ஏற ஏணி வேண்டும், வடம் பிடிக்க ஊர் வேண்டும்.

ஒவ்வொரு வேலையும் தனித்தனியாகச் சரிதான். சேரும்போது ஒன்றின் குற்றத்தை இன்னொன்று மறைக்கும், அல்லது பெருக்கும். முன்பக்க ஷாக்கிள் நீண்டால் அச்சு முகம் சாய்ந்து, ஸ்டியரிங் தானாக நேருக்கு வராமல் நாட்டுக்கோட்டை மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கொள்ளும். பட்டை மேலே போனால் ப்ராப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கூடி கிராஸ் தேயும், அறுபதில் வண்டி ஆடும். பிரேக் ஹோஸ் நீளம் மட்டும் பழையபடி இருக்கும். சக்கரம் கீழே தொங்கும் நேரம் பார்த்து அது இழுபடும். இத்தனைக்கும் பாடியின் கீழே வைத்த கட்டையால் அச்சின் நடு உருண்டை தரையிலிருந்து ஒரு நூல்கூட ஏறியிருக்காது. அதை உயர்த்துவது பெரிய டயர் மட்டும், அதுவும் விட்டத்தில் கூடுவதில் பாதிதான்.

நடக்கும் வேடிக்கை இதுதான். தேராகிப்போன ஜீப் மணலில் இறங்கி, பத்தடியில் அச்சுவரை புதையும். பக்கத்தில் ஒரு நோஞ்சான் வண்டி தாண்டிப்போகும். ஓட்டுநர் செய்தது ஒன்றுதான்: மணலுக்கு முன்னால் இறங்கி, டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டார். 30இல் இருந்ததை 15, 18 பி.எஸ்.ஐ.க்குக் கொண்டுவந்தால் டயர் தரையில் நீளமாகப் படியும், எடை பரவும், மணல் விடும். இதற்கு ஒரு குச்சி போதும். தூக்கும் கிட்டுக்கு மாதச் சம்பளம் போகும்.

சட்டமும் தூக்கியவர் பக்கம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் அதையே உறுதிசெய்தது.

கடைசியில் இங்கே உண்மையாகத் தூக்கத் தெரிந்தது ரயில்வேதான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி, மோட்டார் போட்டு, 17 மீட்டர் செங்குத்தாக ஏறுகிறது. ஸ்டியரிங் கோணக் கவலை அதற்கு இல்லை.

ஜீப்புக்கான தேவையும் 2017 ஜூலையில் முடிந்தது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் தார்ச்சாலை. இன்று பட்டை தொய்ந்த மாருதிகூட அங்கே போய்ச் செல்ஃபி எடுத்துத் திரும்புகிறது. உங்களிடம் பழைய ஜீப் இருந்தால், தொய்ந்த பட்டையை ஒரே செட்டாக, கம்பெனி அளவிலேயே மாற்றுங்கள். வண்டியில் ஒரு காற்றுப் பம்ப் வைத்துக்கொள்ளுங்கள், தார் ஏறியதும் மறக்காமல் அடிக்க.