ஆயிரத்தில் எண்பத்தெட்டு

சுவிஸ் நாட்டின் சோலோதுர்ன் நகரில் எனக்குச் சொந்த வீடு இருக்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சுவிஸில் 1965 ஜனவரி முதலாம் தேதி நடைமுறைக்கு வந்த மாடிவீட்டுச் சட்டப்படி, காணி, கட்டடம், கூரை, மாடிப்படி, லிஃப்ட், நிலவறைப் பொயிலர் எல்லாவற்றிலும் ஆயிரத்தில் 88 பங்கு என்னுடையது. இரண்டாம் மாடியில் ஒரு வீட்டை நான் தனியாகப் புழங்கலாம், அவ்வளவுதான். அந்த 88 பங்கிலும் பெரும்பகுதி வங்கியில் ஈடாகக் கிடக்கிறது. கழித்துப் பார்த்தால் எனக்கென்று மிஞ்சுவது குளியலறையும் பால்கனியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டியும்தான். தொட்டி முழுக்க என்னுடையது. அது சாய்ந்து நிற்கும் வெளிச்சுவர் பொது.

பொதுவில் இருப்பவை கிழடாகிப்போனால் மாற்றுவதற்கென்று வருடாவருடம் எடுத்துவைக்கும் காசுக்கு இங்கே புதுப்பித்தல் நிதி என்று பெயர். உரிமையாளர் கூட்டம் விரும்பினால் அதை ஏற்படுத்தலாம் என்று சிவில் சட்டத்தின் 712-எம் பிரிவு சொல்கிறது. கட்டாயம் இல்லை. என்னைப் போன்ற ஒருவன் கையில் இப்படியொரு வாசகத்தைக் கொடுத்திருக்கக்கூடாது. கட்டாயம் இல்லாத எதற்கும் என் பணப்பை திறந்த வரலாறு கிடையாது.

கட்டடத்தின் காப்புறுதி மதிப்பில் வருடத்துக்கு 0.2 முதல் 0.5 சதவீதம் வரை ஒதுக்குவது நல்லது என்பார்கள். நாங்கள் கட்டிவந்தது 0.1. எங்கள் கட்டடத்தின் மதிப்பு 40 இலட்சம் பிராங். இனி 0.3 கட்டுவோம் என்றார் நிர்வாகத்துப் பெண்மணி. அப்படியென்றால் வருடத்துக்கு 12,000. அதில் என் பங்கு 1,056. மாதம் 88. பதினொன்றின் மடங்கு! சோலோதுர்ன்காரருக்குப் பதினொன்று தெய்வீக எண். கூட்டாட்சியில் சேர்ந்த பதினோராவது மாநிலம் இது. ஊரில் 11 ஆலயங்கள், 11 நீரூற்றுகள், 11 கோபுரங்கள் என்று கணக்குச் சொல்வார்கள். சென்ட் ஊர்சன் பேராலயத்தில் பீடமும் 11, மணியும் 11. உள்ளூர் பியருக்குக்கூட அந்த எண்தான் பெயர். ஊரே கும்பிடும் எண், எட்டு மடங்காக என் கணக்கிலிருந்து போகப்போகிறது என்றபோது மட்டும் எனக்குப் பக்தி வரவில்லை.

பிரச்சினையைக் கிளப்பியது லிஃப்ட். உள்ளே தகட்டில் 1992, 630 கிலோ, 8 பேர் என்று பொறித்திருக்கும். மூன்றாம் மாடிப் பொத்தானில் எண் தேய்ந்து ஒரு வளைகோடு மட்டும் மிச்சம். கதவு மூட வரும், பாதியில் யோசிக்கும், திரும்பிப் போகும், பிறகு மனமில்லாமல் மூடும். எங்கள் மாடியில் தரைக்கு இரண்டு விரல் கீழே வந்து நிற்கும். "இதுதான் எங்கட சொந்த வீடு" என்று நான் கையை விரிக்கும் அதே கணத்தில் விருந்தாளிக்குக் கால் தடுக்கும். இயக்கும் பலகைக்கு இனி உதிரிப்பாகம் கிடைக்காது, முழுதாக மாற்ற ஒரு இலட்சம் பிராங் பிடிக்கும் என்று திருத்த வந்தவர் எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார்.

கூட்டத்தில் முதலில் எழும்பியவர் தரைத்தளத்துப் பெரியவர். கட்டடத்தின் ஒரு பகுதி ஒருவருக்கு உதவாவிட்டால் செலவைப் பிரிக்கும்போது அதைக் கவனிக்கவேண்டும் என்று 712-எச் பிரிவைப் பார்க்காமலே ஒப்பித்தார். லிஃப்டைத் தாம் தொட்டதே இல்லையாம். நான்காம் மாடி அம்மையார் மெல்லக் கேட்டார்: "நிலவறையிலிருந்து தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளைத் தலையிலா சுமந்து வருகிறீர்கள்?" பெரியவர் உட்கார்ந்தார். அவர் வென்றால் அதே வழியில் போகலாம் என்று கூட்டத்துக்கு முந்தின வாரம் முழுக்க நாலு பேர் பார்க்கும்படி படியேறிய எனக்கு, முழங்கால் நோவு மட்டும் மிச்சம்.

நான் வேறு ஆயுதம் எடுத்தேன். "காப்புறுதி எதற்கு இருக்கிறது?" சோலோதுர்ன் மாநிலத்தில் எல்லாக் கட்டடமும் மாநிலக் கட்டடக் காப்புறுதியில் கட்டாயம் இருக்கவேண்டும் அல்லவா? "தீ, ஆலங்கட்டி, புயல், வெள்ளம், இதற்கெல்லாம் தருவார்கள்," என்றார் நிர்வாகத்துப் பெண்மணி. "வயதாவதற்குத் தருவதில்லை." இதைச் சொல்லும்போது ஏன் என் தலைமயிரைப் பார்த்தார் என்று தெரியவில்லை. முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தோம். அதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து.

வீட்டில் மனைவி கேட்டாள்: "என்னப்பா, சீட்டுக்கு மாசம் ஐந்நூறு கட்டேக்க வராத நெஞ்சுநோ எண்பத்தெட்டுக்கு வருதோ?"

சீட்டும் இதுவும் ஒன்றா? சீட்டென்றால் என் முறைக்குக் கழிவு போகக் காசு கைக்கு வரும். இந்த நிதி உரிமையாளர் சமூகத்தின் பெயரில் இருக்கும் சொத்து. நாளைக்கே நான் வீட்டை விற்றுப் போனாலும் கட்டியதில் ஒரு ராப்பன் திரும்பாது. வாங்கி வருகிறவன் அனுபவிப்பான். இதைப் பெரிய அநியாயமாக எடுத்துச் சொன்னேன்.

"போகேக்க, இவ்வளவு வருசமும் லிஃப்டில ஏறி இறங்கினதைத் திருப்பிக் குடுத்திட்டுப் போவியளோ?"

இதற்குப் பதில் சொல்லக்கூடிய வக்கீலை இன்னும் தேடுகிறேன். லிஃப்ட் நாங்கள் காசு கட்டினாலும் தேயும், கட்டாவிட்டாலும் தேயும். தேய்த்தவர்கள் கட்டுவதா, கடைசி நாளில் அகப்பட்டவர்கள் கட்டுவதா என்பதுதான் வித்தியாசம். மூன்றாம் மாடி இளம் தம்பதி இரண்டு வருடத்தில் விற்றுப் போவதாக இருந்தார்கள். 0.1 போதும் என்று கூட்டத்தில் அவர்கள் சிரித்தபடி சொன்னதன் பொருள் அப்போதுதான் விளங்கியது. ஆனால் அவர்களுக்கும் வழி அடைத்துத்தான் இருக்கிறது. வாங்க வருகிற சுவிஸ்காரன் சமையலறையைப் பார்க்குமுன் நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிறான்.

கட்டாமல் தப்புவதும் வெறும் கனவு. கட்டடத்துக்கு அத்தியாவசியமான திருத்தத்தைக் கூட்டம் மறுத்தால், ஒரேயொரு பங்காளி நீதிமன்றம் போய் உத்தரவு வாங்கலாம். அப்போது என் பங்கு 8,800 பிராங் ஒரே தாளில் வரும். கட்டாவிட்டால் மூன்று வருட நிலுவை வரைக்கும் என் 88 பங்கின்மேல் ஈடு பதியச் சட்டம் இடம்தருகிறது. வங்கி அங்கே ஏற்கெனவே குந்தியிருக்கிறது, இனி இவர்களுக்கும் இடம் ஒதுக்கவேண்டும்.

ஊரிலேயே பாடம் இருக்கிறது. பழைய சென்ட் ஊர்சன் ஆலயத்தின் மணிக்கோபுரம் 1762இல் இடிந்து விழுந்தது. 1773இல் இப்போதைய பேராலயம் எழுந்து நின்றது. எங்கள் கட்டடம் விழுந்தால் அந்த இடத்தில் பேராலயம் எழும்ப வாய்ப்பில்லை. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் சர்ஃப்சைட் நகரில் 2021 ஜூன் 24 அன்று ஒரு மாடிக் குடியிருப்பு சரிந்து 98 பேர் இறந்தார்கள். தேவையான திருத்தவேலைக்கு அவர்களிடம் இருந்த சேமிப்பு கால்தூசுக்கும் காணாது. அதன் பிறகு, கட்டடத்தைத் தாங்கும் பகுதிகளுக்கான நிதியை வேண்டாமென்று வாக்களிக்கும் சுதந்திரத்தை அந்த மாநிலம் பறித்துவிட்டது. சென்னை வேளச்சேரியில் இருக்கும் என் மச்சான் இப்படியான நிதியைக் கார்பஸ் ஃபண்ட் என்பார். சாவி கொடுக்கும்போதே பில்டர் வாங்கிவிட்டாராம். அதற்குப் பிறகு அதில் ஒரு ரூபாய்கூட ஏறியதில்லையாம்.

இவ்வளவும் தெரிந்தும் நான் மசிந்திருக்கமாட்டேன். மசியவைத்தது வரி. சொந்த வீட்டில் குடியிருப்பவன் தனக்குத்தானே வாடகை கட்டுவதாகப் பாவித்து அதற்கு வருமானவரி போடுவது சுவிஸ் வழக்கம். 2025 செப்டம்பர் 28 அன்று மக்கள் வாக்களித்து அதை ஒழித்தார்கள். நானும் துள்ளிக்குதித்தேன். பிறகுதான் மறுபக்கம் தெரிந்தது. புது முறை நடைமுறைக்கு வந்ததும், குடியிருக்கும் வீட்டின் பராமரிப்புச் செலவை வரியில் கழிக்கும் சலுகையும் போய்விடும். அதுவரை, பராமரிப்புக்கு மட்டுமே செலவழிக்கும் நிதியானால் அதற்குக் கட்டும் காசையும் கழிக்கலாம்.

அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து, 0.3 காணாது, 0.5 ஆக்குவோம் என்றேன். வருங்காலத் தலைமுறை, பொதுச்சொத்து, பொறுப்பு என்று எனக்கே பழக்கமில்லாத சொற்கள் வாயில் வந்தன. மண்டபம் திகைத்தது. தரைத்தளத்துப் பெரியவர் மட்டும் திகைக்கவில்லை. உடனே வழிமொழிந்தார். அவரும் வரிக் கையேடு படிக்கிறவர் என்று கண்ணைப் பார்த்ததும் தெரிந்தது. தீர்மானம் நிறைவேறியது.

நான்காம் மாடி அம்மையார் கண்கலங்கி, இப்படிப் பொதுநலம் பார்க்கிற ஒருவரையே நிதியின் கணக்குப் பரிசோதகராக்கவேண்டும் என்றார். எதிர்ப்பில்லாமல் தெரிவானேன். சம்பளம் கிடையாது. வரியில் கழிக்கவும் முடியாது.