சிக்கனத்துக்கு ஆகிற செலவு

கரிசல் காட்டுக்காரர்களுக்குச் சிக்கனத்தை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் நாலு மழை ஒழுங்காகப் பெய்தால் பருத்தி, உளுந்து, மக்காச்சோளம். பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ். திருவேங்கடம் வட்டாரத்தில் பிறந்த எந்தப் பெண்ணும் எண்ணெய் பாக்கெட்டை வெட்டி, பிரித்து, தோசைக்கல்லில் ஒரு துடை துடைத்துவிட்டுத்தான் குப்பையில் போடுவாள். அப்படிப்பட்ட ஊரில், அப்படிப்பட்ட வீட்டில், போன வருஷம் தை மாதம் என் வீட்டுக்காரர் சிக்கனத்தைக் கண்டுபிடித்தார்.

கண்டுபிடித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அதுவரை அப்படியொன்று வீட்டில் நடமாடிக்கொண்டிருந்ததே அவருக்குத் தெரியாது. நான் பழைய சேலையைக் கிழித்துக் கரித்துணி ஆக்குவதும், அத்தை தேய்ந்துபோன சோப்புத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டிப் புதுச் சோப்பு செய்வதும் அவர் கண்ணுக்குப் ‘பொம்பளைங்க வேலை’. அதையே அவர் ஒரு நீள நோட்டு வாங்கி, அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு, ‘வரவு’, ‘செலவு’, ‘தவிர்க்கக்கூடிய செலவு’ என்று மூன்று பத்தி பிரித்ததும் ‘குடும்ப நிதி நிர்வாகம்’ ஆகிவிட்டது. மூன்றாவது பத்தியின் முதல் வரி: ‘அம்மா – வெற்றிலை’.

அத்தை கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். “எய்யா, உன்னைய வளத்து ஆளாக்குன செலவையும் அந்தப் பத்தியிலயே எழுதிக்கோ” என்றார்கள். வெற்றிலை அன்றைக்கே இரண்டாவது பத்திக்கு மாற்றலாகிப் போனது.

முதல் போர் கரண்டோடு. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016 முதல் எல்லாருக்கும் தெரிந்த சேதி. இவர் கண் வைத்தது மேல் வரம்பின்மீது. 500 யூனிட்டுக்குள் இருக்கிறவரை ஒரு கணக்கு. அதை ஒரு யூனிட் தாண்டினாலும் வேறு கணக்கு, கீழே கிடைத்த சலுகையிலும் கை வைத்துவிடுவார்கள். சித்திரை வெயிலில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது பிள்ளைகள் தூங்கட்டும் என்று தவணையில் வாங்கிய ஏசி ஒன்று எங்களிடம் உண்டு. ஆகவே கோடை முழுவதும் ஐந்நூறை ஒட்டியேதான் குடித்தனம். காலையில் எழுந்ததும் சாமி படத்துக்கு முன்னால் நிற்பவர், இப்போதெல்லாம் மீட்டருக்கு முன்னால் நிற்கிறார். “460 ஆயிட்டு. இனி பாத்துத்தான் ஆடணும்” என்கிறார், கிரிக்கெட் வர்ணனையாளர் கணக்காக.

ஒரு கோடையில் 490-ஐத் தொட்டதும் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டார். உள்ளேயிருந்த இட்லி மாவு மத்தியானத்துக்குள் பொங்கி வழிந்தது. கொட்ட மனசு வருமா? வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து போட்டு, அத்தனை மாவையும் குழிப்பணியாரமாகச் சுட்டேன். நல்லெண்ணெய் கால் லிட்டர் போனது. அடுப்பு சாயங்காலம் முழுக்க எரிந்தது. நோட்டில் ‘ஃபிரிட்ஜ் – மிச்சம்’ என்று பச்சை மையில் ஏறியது. எண்ணெய் மளிகைக் கணக்கில் போனது, கேஸ் கேஸ் கணக்கில் போனது. அடுப்படியில் நான் நின்றது எந்தப் பத்தியிலும் இல்லை.

இதை நான் சொல்லிக் காட்டினேன். “அது செலவு இல்லையே” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நோட்டுப்படி அது செலவே இல்லை.

அடுத்தது மின்விசிறி. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட் சொச்சம். புதிதாக வந்திருக்கிற பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்தான், 27 யூனிட்டில் முடிந்துவிடும். இந்தக் கணக்கில் தப்பில்லை, நானே சரிபார்த்தேன். ஆனால் ஃபேன் விலை மூவாயிரம், ஒரு பில்லுக்கு மிச்சமாவது இருநூறு ரூபாய்க்கும் கீழே. போட்ட முதல் திரும்பி வர இரண்டரை வருஷத்துக்கு மேல் ஆகும் என்று அவரே பெருமையாக வாசித்தபோது அத்தை மேலே நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்கள்: “அதுவரைக்கும் ஃபேனு இருக்கும்லா?”

பிறகு மொத்தக் கொள்முதல் வந்தது. தென்காசிக்கு ஒரு வேலையாகப் போனவர், வழியில் பாவூர்சத்திரத்தில் இறங்கியிருக்கிறார். கேரளாவுக்கு லாரி லாரியாகக் காய் ஏறுகிற சந்தை அது. வரத்து கூடின நாளில் தக்காளி விலை சரிந்தால், விவசாயி பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போகிற கூலிகூடக் கட்டாது. இவருக்கு அன்றைக்கு அடித்தது யோகம். ஒரு பெட்டித் தக்காளியோடு வந்து இறங்கினார். வீட்டில் மொத்தம் ஐந்து பேர்.

தக்காளிச் சட்னி, தக்காளிக் குழம்பு, தக்காளிச் சோறு, தக்காளி ரசம். மூன்றாம் நாள் மகன் தட்டைப் பார்த்துவிட்டு, “வேற கலர்ல ஏதாச்சும் இருக்காம்மா?” என்று கேட்டான். மிச்சத்தைத் தொக்காகக் கிண்டினேன். தொக்கு கெடாமல் இருக்க எண்ணெய் மேலே மிதக்க வேண்டும் என்பது இவருக்குத் தெரியாது. அவர் மிச்சம் பிடித்த காசை நல்லெண்ணெய் குடித்துவிட்டது. கிண்டிய தோள்வலிக்குத் தைலம் வாங்கினேன். அதுவும் ‘மருத்துவம்’ என்று தனிக் கணக்கில் ஏறியது.

ஆனால் இவர் நிஜமாகவே மாட்டிக்கொண்டது தீப்பெட்டி விஷயத்தில். மற்ற ஊராக இருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எங்கள் திருவேங்கடம் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் உலை கொதிப்பது தீப்பெட்டியால்தான். இங்கே போய் இவர் ஒரு பிளாஸ்டிக் லைட்டரை வாங்கிக்கொண்டு வந்தார். அவர் தரப்பு வாதத்துக்கு அரசாங்க ஆதாரமே இருந்தது. பத்து ரூபாய் லைட்டர் ஒன்று 20 தீப்பெட்டியின் வேலையைச் செய்துவிடுகிறது, இந்தத் தொழில் என்னாவது என்று 2022-இல் முதலமைச்சர் ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதினார். தொழிலைக் காப்பாற்ற எழுதிய கடிதம் இவருக்கு லைட்டர் விளம்பரமாகப் பட்டிருக்கிறது. 2007-இல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாயான தீப்பெட்டி, 14 வருஷம் அசையாமல் கிடந்து, 2021 டிசம்பர் முதல் தேதிதான் இரண்டு ரூபாய் ஆனது. இருபது பெட்டி 40 ரூபாய், லைட்டர் 10, மிச்சம் 30 என்று எழுதிக் காட்டினார்.

அத்தை சின்ன வயதில் பெட்டி ஒட்டியவர்கள். பசை காய்ந்த விரலோடு பள்ளிக்கூடம் போனவர்கள், பிறகு பள்ளிக்கூடத்தையே விட்டவர்கள். “அந்த முப்பது ரூவா யாரு கூலிலே?” என்று கேட்டார்கள். இவர் வாயைத் திறக்கவில்லை. 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர்களை இறக்குமதி செய்ய 2023 ஜூனில் தடை வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அத்தையின் தடை அதைவிடக் கடுமையாக அமலில் இருக்கிறது. மழைக்காலத்தில் நமத்துப்போன குச்சி நாலைந்தை உரசி வீணாக்கினாலும் எங்கள் அடுப்பு தீப்பெட்டியில்தான் எரியும்.

சாப்பாட்டிலும் கை வைத்துப் பார்த்தார். 1965-இல் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, திங்கட்கிழமை இரவு ஒரு வேளை சாப்பாட்டை விடச் சொல்லிப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி கேட்டுக்கொண்டார், நாமும் செய்தால் என்ன என்று ஒரு திங்கட்கிழமை பிரசங்கம் செய்தார். அத்தைக்கு அந்தக் காலம் நினைவிருக்கிறது. “சோத்த விடணும்னு ரேடியோவுல சொன்னாகதான். நம்மூர்ல விடுறதுக்கு யாரு வீட்ல சோறு இருந்துச்சு? தீவாளிக்கும் பொங்கலுக்கும்தான் நெல்லுச்சோறு. மத்த நாளுக்குக் கம்மங்கஞ்சி. கஞ்சிய விடச்சொல்லி அவுக சொல்லலியே!”

“அப்போ கம்புக்கும் குதிரைவாலிக்கும் திரும்புவோம்” என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு குதிரைவாலியின் அந்தஸ்தே வேறு. பொன்னி அரிசியைவிட விலை கூடுதல். பளபளவென்ற பையில், நாராயணா என்று சாய்ந்து படுத்திருக்கிறது. “வீட்ல யாருக்கு சுகர்?” என்று கடைக்காரர் அனுதாபமாக விசாரித்தாராம். ரேஷனில் 2011 ஜூனிலிருந்து அரிசி சும்மா கிடைக்கிறது. அந்த நாளில் பண்டிகைக்கு மட்டும் பார்த்த நெல்லுச்சோறு இன்றைக்கு இலவசம், அன்றாடக் கஞ்சி இன்றைக்குப் பணக்காரர் பத்தியம். அத்தை இதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார்கள்.

எனக்கு ஆதாயமான சீர்திருத்தம் ஒன்றே ஒன்று உண்டு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. “நான் போனா காசு, நீ போனா ஓசி” என்று கண்டுபிடித்து, வெளிவேலை முழுவதையும் என் தலையில் கட்டினார். பேங்க், ரேஷன், பிள்ளைகள் பள்ளிக்கூடம், அத்தைக்கு மாத்திரை, எல்லாம் நான்தான். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு, சங்கரன்கோவில் போகிற பஸ்ஸில் ஜன்னலோரத்தில் யாருக்கும் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது பிடித்துப்போனது. அங்கே தறிக்காரர் வீட்டிலேயே நேரே வாங்கினால் காட்டன் சேலை கடை விலையைவிட நூறு ரூபாய் குறைவு. மூன்று சேலை எடுத்தால் முந்நூறு மிச்சம். இப்படிக் கணக்குப் போட அவருடைய நோட்டிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

சாரல் சமயத்தில் குற்றாலம் போனோம். அருவிக்கு டிக்கெட் இல்லை என்பதால் போனோம். புளியோதரைக் கட்டு கையில் இருந்தது. ஐந்தருவியில் குளித்துவிட்டு ஏறினால் எடுக்கிற பசி எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம். புளியோதரை ஐந்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. பிறகு பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும். இவர்தான் அதிகம் சாப்பிட்டார்.

ஆடியும் மார்கழியும் இவருக்குப் பிடித்த மாதங்கள். விசேஷம் கிடையாது, ஆகவே மொய் கிடையாது. (கல்யாணச் செலவில்லாத மாதத்தில் ஜனங்கள் கையில் காசு தங்கிவிடுமே என்று கவலைப்பட்டுத்தான் ஜவுளிக்கடைக்காரர்கள் ஆடித் தள்ளுபடியைக் கொண்டுவந்தார்கள் என்பது என் ஆராய்ச்சி.) மற்ற மாதங்களில் வீட்டு வருமானத்தைத் தின்பது மளிகையோ கரண்டோ அல்ல, மொய்தான். அவர்கள் ஐந்நூற்றொன்று எழுதியிருந்தால் நாம் ஐந்நூற்றொன்று எழுத முடியாது, ஏற்றித்தான் எழுத வேண்டும். கடனுக்காவது வட்டி இவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். இதற்கு நாலு பேர் பார்வையில்தான் வட்டி நிர்ணயம்.

போன வைகாசியில் இவருடைய தங்கச்சி மகளுக்குச் சடங்கு. இவர் தாய்மாமன். வெற்றிலைக்கும் லைட்டருக்கும் கணக்குப் பார்த்த மனிதர், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வேன் வைத்து, மேளம் வைத்து, சிவகாசி வேட்டு வெடித்து, 51 தட்டுச் சீர் கொண்டுபோனார். பட்டு, பழம், பலகாரம், பொம்மை, ஒரு தட்டில் கண்ணாடி மட்டும். தட்டுப் பிடிக்க ஆள் போதாமல் தெருவில் போகிற பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டோம். “என்னங்க இது?” என்று காதோடு கேட்டேன். “நாலு பேரு என்ன சொல்லுவான்?” என்றார். அந்த நாலு பேரையும் நான் அன்றைக்குக் கவனித்துப் பார்த்தேன். ஒருவர் போன் பேசிக்கொண்டிருந்தார், மற்ற மூவரும் பந்தியில் இருந்தார்கள்.

மறுநாள் நோட்டில் புதிதாக நாலாவது பத்தி முளைத்திருந்தது: ‘தவிர்க்க முடியாத செலவு’. ஒரு வருஷமாக அணைத்து வைத்த விளக்கு, புளித்த மாவு, என் தோள்வலி, பிள்ளைகளின் ஐஸ்கிரீம் எல்லாம் சேர்ந்து அந்தப் பத்தியின் முதல் வரிக்கே காணவில்லை. குடும்பச் சிக்கனம் பற்றி எனக்கு ஒரு தீர்ப்பு உண்டு. சின்னச் செலவை வீட்டுக்குள்ளிருப்பவர்கள் வாயைக் கட்டி, கையைத் தேய்த்து மிச்சம் பிடிப்பார்கள். பெரிய செலவை வெளியாட்கள் பார்ப்பதற்காகச் செய்வார்கள். நோட்டுப் போடுகிறவர் இரண்டாவதிலிருந்து ஆரம்பித்தால் முதலாவதற்கு வேலையே இருக்காது. இதை அவரிடம் சொல்லியாயிற்று. யோசிக்க வேண்டிய விஷயம் என்று ஒப்புக்கொண்டார். யோசித்து, போன மொய்யை எல்லாம் திரும்ப வாங்க ஒரே வழி நாமும் விசேஷம் வைப்பதுதான் என்று முடிவு செய்திருக்கிறார். பிள்ளைகளுக்குக் காது குத்தியாகிவிட்டது. வீடு கட்டிப் பல வருஷமாகிவிட்டது. ஆகவே மாடியில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, வருகிற தையில் அதற்குப் பால் காய்ச்சப்போகிறோம்.

பத்திரிகை அச்சடிப்பது தவிர்க்கக்கூடிய செலவு. ஆகவே இதையே பத்திரிகையாகப் பாவித்து எல்லாரும் குடும்பத்தோடு வரவும். மொய் எழுதுகிறவர் மாடிப்படிக்குக் கீழேயே உட்கார்ந்திருப்பார்.