பொம்மைக்கும் உண்டு கோப்பை

கேள்வி: வேலைக்குப் போகிற பையன், ஞாயிற்றுக்கிழமையானால் பேட்மேன், சூப்பர்மேன் பொம்மைகளைப் பரப்பிக்கொண்டு 'டோர்னமென்ட்டுக்குத் தயாராகிறேன்' என்கிறான். இதற்கெல்லாமா போட்டி?
- ஒரு வாசகி, திருநீர்மலை

பதில்: உலகப் போட்டியே உண்டு, அம்மா! ஹீரோகிளிக்ஸ் என்று பெயர். 2002-ல் அமெரிக்காவின் விஸ்கிட்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது. பையன் தூங்கும்போது ஒரு பொம்மையின் பீடத்தைத் திருப்பிப் பாருங்கள். 'கிளிக்' என்று சத்தம் கேட்கும். சின்ன ஜன்னலில் வேகம், தாக்குதல், தற்காப்பு, சேதம் என்று எண்கள் மாறும். அடி விழ விழ இப்படித் திருப்ப வேண்டும். பெரும்பாலும் பலம் குறையும். சிலருக்கோ சாகும் தறுவாயில்தான் வெறி ஏறும், உதட்டோர ரத்தத்தைத் துடைத்துவிட்டுப் பிறகு அடிக்கும் நம் சினிமா ஹீரோ மாதிரி. எதிராளியின் பொம்மை எந்தக் கிளிக்கில் என்ன செய்யும் என்று மனப்பாடமாகத் தெரிந்தவனே பெரிய போட்டிகளில் தேறுவான்.

அப்புறம் பகடை. அடிக்க இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். இரண்டிலும் ஒன்று விழுந்தால் குறி தப்புவதோடு, அடித்தவனுக்கே அடி. வாய்ப்பு 36-ல் 1தான். ஆனால் அது இறுதிச் சுற்றுக்கென்றே காத்திருக்கும்!

மேசை விளையாட்டுதானே என்ற இளக்காரம் வேண்டாம். கேரம் பலகைதான் மரிய இருதயத்துக்கு அர்ஜுனா விருது வாங்கித் தந்தது. 2024-ல் கேரம் வீராங்கனை காசிமாவுக்கு உலகக் கோப்பையில் மூன்று தங்கம். உங்கள் ஊர்ப் பெருமாளே நின்று, இருந்து, கிடந்து, நடந்து என நான்கு கோலம் காட்டும்போது பேட்மேன் கிளிக்குக்கு ஒரு கோலம் காட்டினால் என்ன?

கவலைப்படத்தான் வேண்டுமென்றால் பர்ஸைப் பற்றிக் கவலைப்படுங்கள். பெட்டியைப் பிரிக்கும்வரை உள்ளே எந்த ஹீரோ என்று தெரியாது. வேண்டியவர் வரும்வரை வாங்கிக்கொண்டே இருப்பான்.