குமிழ்நிலையும் ஒலிநிலையும்: மல்டி எஃபெக்ட்ஸ் பிராசஸரை இயக்குதல் பற்றிய ஓர் ஆராய்ச்சி

கிட்டார் வாசிப்பவருக்குக் கைகள் இரண்டு. அவ்விரண்டும் கிட்டாரின்மேல் இருக்கின்றன. ஆதலால் வாசிப்பின் நடுவே ஒலியின் தன்மையை மாற்ற வேண்டிய பொறுப்பு கால்மேல் விழுகிறது. மல்டி எஃபெக்ட்ஸ் பிராசஸர் என்னும் பெட்டி தரையில் கிடப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கிட்டாருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே அமர்ந்து, கம்பியின் அதிர்விலிருந்து வரும் மின்குறிப்பை எண்களாக மாற்றி, அவ்வெண்களின்மேல் கரகரப்பு, அலையாட்டம், எதிரொலி முதலிய விளைவுகளை ஏற்றி, மறுபடியும் மின்குறிப்பாக்கி வெளியே அனுப்புவது இதன் தொழில். வாசிப்போர் இதனைப் பிராசஸர் என்றே சுருக்கி வழங்குவதால் இங்கும் அப்பெயரே கொள்ளப்படுகிறது. இதனை இயக்கும் முறை பற்றிக் கையேடுகள் பல உள்ளன. எனினும் எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நிகழும் என்று கூறுவதோடு அவை அமைந்துவிடுகின்றனவேயன்றி, அழுத்திய பின்னர் வேறொன்று நிகழ்வது ஏன் என்னும் வினாவுக்குள் புகுவதில்லை. அக்குறையை நிரப்புவதே இவ்வாராய்ச்சியின் நோக்கம்.

முதற்கண் வரலாறு. 1962இல் கிப்சன் நிறுவனம் மேஸ்ட்ரோ என்ற வணிகப் பெயரில் வெளியிட்ட ஃபஸ்-டோன் பெட்டியில் குமிழ்கள் இரண்டே இருந்தன. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’ பாடலில் அதன் கரகரப்பை உலகமே கேட்டது. 1978இல் வந்த பாஸ் நிறுவனத்தின் டிஎஸ்-1 பெட்டியில் குமிழ்கள் மூன்று. அக்காலத்துப் பெட்டிகள் யாவற்றுக்கும் ஒரு பொதுப் பண்பு உண்டு: குமிழ் எந்த இடத்தைக் காட்டுகிறதோ ஒலியும் அந்த இடத்திலேயே இருக்கும். பாதி திருகியிருந்தால் பாதிக் கரகரப்பு. முழுதும் திருகியிருந்தால் முழுக் கரகரப்பும் பக்கத்து வீட்டாரின் வருகையும். குமிழ்நிலையும் ஒலிநிலையும் பிரியாதிருந்த இந்நிலையை ‘ஒருமைக் காலம்’ எனலாம். 1988இல் பாஸ் நிறுவனம் பல விளைவுகளை ஒரே பெட்டியில் அடக்கி, அவற்றின் அளவுகளை நினைவில் வைத்துக்கொள்ளும் ஆற்றலையும் சேர்த்து எம்இ-5 என்னும் கருவியை வெளியிட்டது. நினைவு வந்தது, ஒருமை போயிற்று. ‘இருமைக் காலம்’ இங்கே தொடங்குகிறது, இன்றுவரை முடியவில்லை.

ஒருமை போனது எவ்வாறு என்பதைச் சற்று நெருங்கிக் காண்பது தகும். குமிழின் அடியில் வில் வடிவில் ஒரு கரித்தடமும் அதன்மேல் உராய்ந்து செல்லும் ஓர் உலோக நாக்கும் உள்ளன. ஏறக்குறைய 300 பாகை சுற்றினால் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வந்துவிடும். நாக்கு நிற்கும் இடத்தின் மின்னழுத்தத்தைக் கருவி படித்து 0 முதல் 100 வரையிலான ஓர் எண்ணாக்குகிறது. இத்தகைய எண்கள் பலவற்றின் தொகுதிக்குப் பேட்ச் என்று பெயர். காலால் ஒரு ஸ்விட்சை மிதித்தவுடன் பழைய பேட்ச் நீங்கிப் புதியது வந்து, உள்ளேயிருக்கும் எண்கள் யாவும் மாறிவிடுகின்றன. வெளியேயிருக்கும் குமிழ்களோ, அவற்றைத் திருப்ப உள்ளே மோட்டார் ஏதும் இல்லாமையால், நின்ற இடத்திலேயே நிற்கின்றன. எனவே கடிகாரத்தில் மணி ஒன்பது இருக்கும் திசையைக் குமிழ் காட்டிக்கொண்டிருக்க, ஒலியோ 85இல் அலறிக்கொண்டிருக்கும்.

அற்றேல், குமிழைத் தொடாமலே இருந்துவிட்டால் இம்முரண் வெளிப்படாதன்றோ எனின், வெளிப்படாது. ஆனால் தொடாமல் இருப்பார் எவரும் இலர். ‘ஒரு பொடி கூட்டுவோம்’ என்று விரல் பட்ட அக்கணமே கருவி குமிழை மறுபடியும் படித்து, 85இலிருந்து 22க்குக் குதித்துவிடுகிறது. கூட்ட எண்ணியவருக்குக் குறைந்ததன் காரணம் விளங்குவதில்லை. இக்குதிப்பைத் தவிர்க்க, குமிழ் சேமித்த எண்ணைக் கடக்கும்வரை அதனைப் பொருட்படுத்தாதிருக்கும் ஏற்பாடு சில கருவிகளில் உண்டு. அவற்றில் குமிழை முக்கால் சுற்றுத் திருகியும் எதுவும் நிகழாமையால், கருவி பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டுவோர் பலர். வேறு சில கருவிகளில் முதலும் முடிவும் இல்லாமல் சுற்றிக்கொண்டேயிருக்கும் குமிழ் வைக்கப்பட்டுள்ளது. அதில் இடம் காட்டும் கோடே இல்லை. அது ஒருபோதும் பொய் சொல்வதில்லை. எதையுமே சொல்வதில்லை ஆகலின்.

இனி, பேட்ச் மாறும் கணத்தை ஆராய வேண்டும். தமிழ் இலக்கணிகள் இதனை முன்னறிந்தே விதி வகுத்துவிட்டனர் என்று ஐயுறும் அளவுக்கு, நிலைமொழியும் வருமொழியும் சேரும் புணர்ச்சியோடு இது பொருந்துகிறது. ஒலித்துக்கொண்டிருக்கும் பேட்ச் நிலைப்பேட்ச். மிதித்தபின் வருவது வருபேட்ச். இரண்டும் எவ்வித மாறுபாடுமின்றிச் சேருமாயின் இயல்பு புணர்ச்சி. விளம்பரக் காணொளிகளில் மிகுதியாகக் காணலாம். மேடையில் காணப்படுவது விகாரப் புணர்ச்சியே; அது நன்னூலார் கூறியவாறே மூவகைப்படும். இரண்டுக்கும் இடையே ‘டப்’ என்றோர் ஓசை புதிதாக எழுவது தோன்றல். நிலைப்பேட்சின் எதிரொலி முடியுமுன் வருபேட்சின் விளைவுகளுக்குள் சிக்கி உருமாறுவது திரிதல். நிலைப்பேட்சின் எதிரொலி வால் அறுந்து, மில்லிநொடிக் கணக்கில் ஓர் அமைதி வீழ்வது கெடுதல். வால் அறாமல் தானே தேய்ந்து மறையும்படி பழைய எதிரொலியை விட்டுவைக்கும் கருவிகளும் பின்னர் வந்தன. அவற்றின் விலை ஏற்றத்துக்கு இவ்வாலும் ஒரு காரணம்.

பேட்சுகள் வங்கி எனப்படும் குழுக்களாக அடுக்கப்பட்டிருப்பதால் இன்னொரு நுட்பமும் கருதத் தக்கது. ஒரு வங்கியிலிருந்து அடுத்ததற்குச் செல்லும் ஸ்விட்சை மிதித்தால், திரையில் புதிய எண் தோன்றிக் கண்சிமிட்டுகிறது, ஒலி மாறுவதில்லை. அவ்வங்கிக்குள் எந்தப் பேட்ச் என்று இன்னொரு முறை மிதித்துச் சொல்லும்வரை பழைய ஒலியே நீடிக்கிறது. குமிழ் மட்டும் அன்று, திரையும் அவ்வப்போது நடவாததைக் காட்டும் என்பதற்கு இது சான்று. மெல்லிசைக் குழுக்களில் வாசிப்போர் இதனை அறிந்தே, பல்லவிக்குக் கோரஸ் கலந்த மென்மையான ஒலியையும் பிஜிஎம்முக்கு டிஸ்டார்ஷன் ஏற்றிய ஒலியையும் ஒரே வங்கியில் அருகருகே வைத்து, பாட்டு வரிசைப்படி வங்கிகளையும் அடுக்கிக்கொள்கின்றனர். இவ்வொழுங்கு, கூட்டத்திலிருந்து நேயர் விருப்பம் எழுதிய துண்டுச்சீட்டு முதன்முதலாக மேடைக்கு வரும்வரை நிலைத்திருக்கும்.

காலின் இயல்பும் ஆராயப்பட வேண்டியதே. கோயில் விழா மேடைகளிலும் பல தேவாலயங்களிலும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவது தமிழ்நாட்டு வழக்கமாதலால், இங்கு வெறுங்கால் வாசிப்பு தனியொரு பிரிவாகிறது. வெறுங்காலின் கட்டைவிரல், குனிந்து பாராமலே ஸ்விட்சைத் தடவிக் கண்டுபிடிக்கும். ஷூ அணிந்த காலுக்கு அந்த அறிவு இல்லை. ஆயின் மிதிக்க வேண்டியது உலோக முளையாக இருப்பின் மூன்றாம் பாட்டுக்குள் விரல் நொந்துவிடுகிறது. எக்ஸ்பிரஷன் பெடல் எனப்படும் சாய்மிதியில் இவ்வேற்றுமை இன்னும் பெரிது. குதிகாலால் அழுத்தினால் ஒலி குறையவும் முன்பாதத்தால் அழுத்தினால் கூடவும் செய்யும் இம்மிதியைக் கொண்டு, ஒலியின் ஒரு பட்டையை மட்டும் கீழிருந்து மேலாகத் தூக்கி ‘வா… வா…’ என்று அழைக்கும் விளைவையும் பெறலாம். அவ்விளைவைத் தொடங்கவும் நிறுத்தவும் மிதியின் முன்முனையை அடிவரை ஓங்கி அழுத்த வேண்டும். அதன்கீழ் ஒரு ஸ்விட்ச் மறைந்திருக்கிறது. வெறுங்காலால் அழுத்துவோர் முகத்தில் அப்போது தோன்றும் நெளிவை அவையோர் இசையின் உருக்கம் என்றே கொள்கின்றனர். பாஸ் கருவிகளின் தாயகமாகிய ஜப்பானில் வீட்டுக்குள் செருப்பணியாத மரபு இருந்தும் முன்முனை இவ்வளவு விறைப்பாக அமைந்தது வியப்புக்குரியது.

இரண்டு ஸ்விட்சுகளை ஒருசேர மிதித்தால் சுருதி சேர்க்கும் டியூனர் வரும் என்பது சிறு கருவிகளின் பொது விதி. ஒருசேர என்பது கருவியின் கணக்கில் மிகக் குறுகிய காலம். பாதத்தின் கணக்கில் அவ்வாறன்று. ஒரு ஸ்விட்ச் முந்தினால் டியூனருக்குப் பதிலாக அடுத்த பேட்ச் வந்து நிற்கும். இரண்டு பாடல்களுக்கு இடையே அறிவிப்பாளர் உருக்கமாகப் பேசிக்கொண்டிருக்கையில் கிட்டாரிலிருந்து காரணமின்றி ஓர் உறுமல் எழுமாயின், அவ்வாசிப்பாளர் சுருதி சேர்க்க முயன்றார் என்று துணியலாம்.

சேமித்தல் என்னும் செயலுக்கு வருவோம். மாற்றிய அளவுகள் மாற்றிய அளவில் நில்லா. ரைட் எனப்படும் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் ‘எந்த இடத்தில்?’ என்று கருவி கேட்கிறது. மறுபடி அழுத்தினால்தான் எழுதுகிறது. முதல் அழுத்தலோடு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவோர் ஒரு சாரார். இரண்டாம் அழுத்தலையும் செய்து, ஆனால் இடத்தைப் பாராமையால் நெடுநாள் உழைத்து அமைத்த வேறொரு பேட்சின்மேல் எழுதிவிடுவோர் மற்றொரு சாரார். மாற்றம் நிகழ்ந்தும் எழுதப்படாமல் இருப்பதைச் சுட்ட, திரையின் மூலையில் ஒரு புள்ளியோ எழுத்தோ தோன்றும். அது அரிசிமணியினும் சிறியது. நின்றவாறு நோக்கும் கண்ணுக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ ஐந்தடி.

எழுதிய பேட்சும் எழுதியவாறே ஒலிப்பதில்லை என்பது இவ்வாராய்ச்சியின் கடினமான பகுதி. இதற்குக் கருவியைக் குறைகூற இயலாது, குற்றம் காதினுடையது. 1933இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஹார்வி ஃப்ளெட்சரும் வில்டன் மன்சனும், ஒலி மெல்லியதாக இருக்கும்போது தாழ்ந்த அதிர்வெண்களைக் காது மிகக் குறைவாகவும், உயர்ந்தவற்றை ஓரளவு குறைவாகவும் உணர்கிறது என்பதை அளந்து வெளியிட்டனர். வீட்டார் உறங்கியபின், ஹெட்ஃபோனில் ஒலியைத் தணித்து வைத்து அமைக்கப்படும் பேட்சில், குறைவாகக் கேட்பனவற்றை ஈடுகட்டப் பேஸும் ட்ரெபிளும் தாராளமாக ஏற்றப்படுகின்றன. மறுநாள் மேடையில் ஒலி பன்மடங்கு உயர்ந்ததும் காது அவ்விரண்டையும் முழுமையாகக் கேட்கத் தொடங்கி, பேஸ் வயிற்றைத் தாக்க, ட்ரெபிள் செவியைத் துளைக்க, நடுவேயுள்ள கிட்டாரின் குரல் காணாமற்போகிறது. எண் மாறவில்லை, பேட்ச் மாறவில்லை, ஒலி மாறிற்று. நள்ளிரவில் அமைத்த பேட்சை மேடையில் நம்பலாகாது என்னும் விதியைக் கையேடுகள் முதற்பக்கத்தில் அச்சிட்டிருக்க வேண்டும்.

இதனோடு சேர்த்தெண்ணத் தக்கது வெளியீட்டு அமைப்பு. கிட்டார் ஆம்ப்பில் இணைத்தால் ஒன்று, மேடையின் மிக்சரில் நேரடியாக இணைத்தால் மற்றொன்று எனக் கருவிக்குச் சொல்லிவைக்க வேண்டும். சொல்லாவிடில், ஆம்ப்பின் ஸ்பீக்கர் வடிகட்ட வேண்டிய கூர்மையெல்லாம் வடிகட்டப்படாமல் மிக்சருக்குப் போய், டிஸ்டார்ஷன் முழுவதும் தகர டப்பாவில் அடைபட்ட வண்டுபோல ஒலிக்கும். பலர் இதற்கு மருந்தாகப் புதிய பிராசஸர் வாங்கிக்கொள்கின்றனர்.

எதிரொலியின் இடைவெளியைத் தாளத்தோடு பொருத்துவது மட்டும் கணக்கில் அடங்குகிறது. 60,000ஐ ஒரு நிமிடத்துத் தட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு தட்டுக்கு இத்தனை மில்லிநொடி என்று கிடைக்கும். நிமிடத்துக்கு 120 தட்டாயின் 500. அதன் முக்கால் பங்காகிய 375இல் எதிரொலியை வைத்தால் யூ2 குழுவின் எட்ஜ் வாசிப்பில் கேட்கும் துள்ளல் வரும். கணக்கிட விருப்பமில்லாதார், டாப் என்னும் ஸ்விட்சைத் தாளத்துக்கு ஏற்பக் காலால் தட்டினால் கருவியே இடைவெளியை அளந்துகொள்ளும். டிரம்ஸ் வாசிப்பவர் சரணத்தில் வேகம் கூட்டுவதைக் கருவி அறியாது.

இறுதியாக மின்சாரம். பாஸ் வழிவந்த பெட்டிகள் பல 9 வோல்ட் அடாப்டரை வேண்டுவன; அதன் நடுமுனை எதிர்மின்; வீட்டில் கிடக்கும் பிற அடாப்டர்கள் பலவற்றில் நடுமுனை நேர்மின். வடம் சிறியது, மேடையில் நடப்போர் கால்கள் பல. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே எவரேனும் இடறி, இணைப்பு விட்டு மறுபடி வந்ததும், எழுதப்படாத மாற்றங்கள் அனைத்தையும் கருவி மறந்து, பழைய எண்களோடு விழிக்கிறது. குமிழ்களோ கடைசியாக விரல் விட்ட இடத்திலேயே நிற்கின்றன. இதுவரை பொய்யுரைத்த குமிழ் உண்மையையும், இதுவரை உண்மையென நம்பப்பட்ட நினைவு பொய்யையும் கூறும் ஒரே சந்தர்ப்பம் இது. கரித்தடக் குமிழும் உடனே குதிக்கும் இயல்பும் உடைய கருவியாயின், மாற்றிய ஒவ்வொரு குமிழையும் ஒரு மயிரிழை அசைத்து நின்ற இடத்துக்கே கொண்டுவந்தால் போதும். கருவி அவற்றை மீண்டும் படித்துக்கொள்ளும். எட்டுக் குமிழ்களை இவ்வாறு அசைப்பதற்கு மண்டியிட்ட நிலையில் அரை நிமிடமாவது வேண்டும். டிரம்ஸ் வாசிப்பவர் குச்சிகளைத் தட்டி ‘ஒன், டூ, த்ரீ, ஃபோர்’ எண்ணுவதற்கு அத்தனை நேரம் ஆவதில்லை.