முதல்ல ஏறி எங்கேடா உட்காரப் போறே?

கப்பல் சீட்டு வாங்கியாச்சு, பால்கனி வச்ச ரூமும் கிடைச்சாச்சு, ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கின்னு சொன்னே பேராண்டி. ஆளுக்கு இன்னும் கொஞ்சம் வெள்ளி கட்டினா, வரிசையில நிக்க விடாம முன்னாலேயே ஏத்திக்கிறானாம். 'பிரையோரிட்டி போர்டிங்'காம். கட்டலாமா, வேணாமான்னு புருஷனும் பொண்டாட்டியும் ஒரு வாரமா தூங்கலையாம்.

கட்டுப்பா. பிரிக்ஃபீல்ட்ஸ்ல வானத்தைத் தொடுற கொண்டோவுல வீடு வாங்கினவன், கூட்டத்தோட கூட்டமா நின்னா சொந்தக்காரன் என்ன நினைப்பான்? ஆனா கட்டறதுக்கு முன்னால இந்தக் கிழவனுக்கு ஒரு பதில் சொல்லிட்டுப் போ. முதல்ல ஏறி எங்கே உட்காரப் போறே?

எங்கப்பா ரஜூலாவில வந்த ஆளு. 1926ல கட்டின கப்பல், எட்டாயிரத்துச் சொச்சம் டன். அந்த உடம்புக்குள்ள ஐயாயிரம் டெக் பயணிகளுக்கு மேல ஏத்தலாம்னு வெள்ளைக்காரன் லைசென்ஸ் கொடுத்திருந்தான். நீ போற கெண்டிங் டிரீம் 150,000 டன். அதுக்கு ஆளு மூவாயிரத்து முந்நூத்துச் சொச்சம். கணக்குல நீ கெட்டிக்காரன், ஒருத்தனுக்கு எவ்வளவு இடம் வருதுன்னு நீயே போட்டுப் பாத்துக்க.

நாகப்பட்டணத்துல கரையிலிருந்து படகுல கொண்டுபோய் ஏத்துவாங்க. ஏறினவன் பாயை விரிச்ச இடம்தான் அவன் ரூமு. காத்து வர்ற இடம், கக்கூஸ் நாத்தம் எட்டாத இடம், மழை அடிச்சா நனையாத இடம், எல்லாம் முந்தினவனுக்கு. பிந்தினவன், வாந்தி எடுக்கிறவன் காலடியில தலையை வச்சுப் படுக்கணும். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லடா, பினாங்கு கண்ணுல தெரியுற வரைக்கும். அன்னிக்கு ஒருத்தன் வந்து, 'காசு கொடு, உன்னை முதல்ல ஏத்துறேன்'னு சொல்லியிருந்தா, எங்கப்பா வேட்டி மடிப்புல முடிஞ்சு வச்சதை அங்கேயே அவுத்திருப்பாரு. மேல்வகுப்புச் சீட்டுக்கும் அன்னிக்கு அர்த்தம் இருந்துச்சு. இங்கே வந்து சேர்ந்ததும் டெக்கு ஆளுங்களைத்தான் நோய்த்தடுப்பு முகாமுக்கு ஓட்டிட்டுப் போவான். பினாங்குன்னா ஜெரஜாக் தீவு, நம்ம பக்கம்னா போர்ட் சுவெட்டன்ஹம். கேபின்காரர் தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டு இறங்கிப் போயிடுவாரு.

இப்ப உன் கதைக்கு வா. உன் ரூமுக்கு நம்பர் இருக்கு. நீ காலையில போனாலும் கடைசியில போனாலும் அந்தக் கட்டில்ல வேற எவனும் பாய் விரிக்கப் போறதில்லை. பெட்டியை வாசல்லயே வாங்கி, சீட்டு ஒட்டி, சாயங்காலத்துக்குள்ள ரூம் வாசல்ல கொண்டாந்து வச்சிடுறான். பிளேன்ல மாதிரி மேல்தட்டுல பையைத் திணிக்கிற சண்டையும் இல்லை. இதுல வேடிக்கை என்னன்னா, நேத்து ராத்திரி உன் கட்டில்ல படுத்திருந்தவன் இன்னிக்குக் காலையிலதான் இறங்கியிருப்பான். மத்தியானம் வரைக்கும் ரூமைத் துடைச்சுக்கிட்டிருப்பாங்க. அதனால முதல்ல ஏறின மகாராஜா நேரா எங்கே போவாரு? பஃபேக்கு. கையில தட்டோட, பிரியாணித் தட்டத்துக்கு முன்னால, வரிசையில. வெளி வரிசையிலிருந்து உள் வரிசைக்கு மாறுறதுக்குத்தான் அந்த வெள்ளி.

அந்த முன்னுரிமை வரிசையாவது சின்னதா இருக்கும்னு நினைக்காதே. சூட் ரூம் எடுத்தவன் அங்கேதான் நிப்பான். பல தடவை போய் தங்க அட்டை வாங்கினவனும் அங்கேதான். சூதாட்ட மேசையில முகம் பழகினவனும் அங்கேதான். அதுக்கப்புறம் காசு கட்டின நீ. சில சமயம் சும்மா வந்தவன் விறுவிறுன்னு உள்ளே போய்க்கிட்டிருப்பான், நீ பட்டுக்கயித்துக்குப் பின்னால நின்னு பெருமூச்சு விடுவே. எல்லாரும் முன்னால நிக்கக் காசு கட்டிட்டா, பின்னால நிக்க ஆளுக்கு எங்கேடா போறது?

அட்டை சேக்கிறேன்னு கிளம்பவும் வேணாம். கெண்டிங்காரங்க 1993ல ஸ்டார் குரூஸ் ஆரம்பிச்சு, புலாவ் இண்டாவுல துறையைக் கட்டி, சூப்பர்ஸ்டார் விர்கோவை விட்டப்ப ஊரே அண்ணாந்து பாத்துச்சு. 2022 ஜனவரியில அவங்களோட கெண்டிங் ஹாங்காங் கம்பெனியைக் கலைக்க மனுப் போட்டாங்க. முன்பணம் கட்டியிருந்தவங்க கடன் கொடுத்தவங்களோட வரிசையில போய் நின்னாங்க. அந்த வரிசைக்கு எந்த அட்டையும் செல்லலை. அதே வருஷம் வேற பேருல, ரிசார்ட்ஸ் வேர்ல்ட் குரூஸஸ்னு, நீ போற இதே கப்பல் மறுபடியும் கிளம்பிடுச்சு. அது வேற விஷயம்.

காசு செல்லாத இன்னொரு இடமும் கப்பல்ல இருக்கு. ஆபத்து ஒத்திகை. 2012ல இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில மோதிச் சாய்ஞ்சு 32 பேரு போனாங்க. அன்னிக்குப் புதுசா ஏறினவங்களுக்கு ஒத்திகையே நடக்கலை. ஒரு நாளுக்குள்ள நடத்தினாப் போதும்னு அப்ப விதி. இப்ப கிளம்புறதுக்கு முன்னாலயோ, கிளம்பின கையோடயோ நடத்தியாகணும். தோட்டத்துல கிராணி, தண்டல் பேர் கூப்பிட, விடியக்காலையில பெரட்டுல நின்னோமே, அந்த மாதிரி சூட்காரனும் ஜன்னலில்லா ரூம்காரனும் அவனவன் இடத்துல போய்த் தலையைக் காட்டணும். அங்கே போய், 'நான் பிரையோரிட்டி'ன்னு சொல்லித் தொலைக்காதே.

ஒண்ணு ஒத்துக்கிறேன். ரெண்டு ராத்திரிப் பயணம்னா மூணு மணி நேரம் கூடுதலாக் கிடைக்கிறது பெருசுதான். பிள்ளைங்க குளத்துல குதிக்கட்டும். அதுக்குக் கட்டுறதா இருந்தா, குளிக்கிற துணியைக் கைப்பையில வை. பெட்டியில வச்சா அது சாயங்காலம்தான் வரும், பிள்ளைங்க கரையில உக்காந்து தண்ணியப் பாத்துக்கிட்டிருக்கும்.

இல்லைன்னா, ஆன்லைன்ல பதியும்போது கடைசி நேரமாப் பாத்து எடு. அவன் சொன்ன கெடுவைத் தாண்டாம பாத்துக்க, அவ்வளவுதான். தெங்கு கிளானா ரோட்டுல சாவகாசமா வாழையிலையில சாப்பிட்டுட்டுப் போ. கூட்டம் வடிஞ்சு மண்டபம் காத்தாடும். திரும்பி வர்றப்பவும் உன் பெட்டியை நீயே உருட்டிக்கிட்டு வந்தா முதல்ல இறக்கி விடுவான், சல்லிக்காசு வேணாம்.

போர்ட் கிள்ளான்னு சீட்டுல போட்டிருக்கேன்னு சென்ட்ரல்ல கொமுட்டர் ஏறி, பெலாபுஹான் கிள்ளான் ஸ்டேஷன்ல இறங்கி நிக்காதே. அங்கேருந்து கேத்தாம் தீவுக்கு நண்டு திங்கத்தான் படகு போகும். பெரிய கப்பல் நிக்கிறது புலாவ் இண்டாவுல. பாலம் தாண்டி, வெஸ்ட்போர்ட் கொண்டெய்னர் லாரிங்களோட போகணும். லாரிக்காரனுக்கும் உன் பிரையோரிட்டி தெரியாது. பாஸ்போர்ட்டுல ஆறு மாசம் பாக்கி இருக்கான்னும் பாரு. அது இல்லாட்டி எந்த வரிசையில நின்னாலும் வீட்டுக்குத்தான்.

இதுக்கும் மேல முன்னாலதான் ஏறணும்னு மனசு அடிச்சுக்கிச்சுன்னா, இன்னொரு வழி இருக்கு. நடக்க முடியாதவங்களைச் சக்கர நாற்காலியில வச்சு முன்னாலேயே ஏத்துவாங்க. முன்கூட்டியே சொல்லி வைக்கணும், காசு கிடையாது. கூட வந்த குடும்பத்தையும் பிரிக்க மாட்டாங்க. உங்க வீட்டுல எல்லாருக்கும் முட்டி நல்லா இருக்கு, பாவம். என்னோடது ரெண்டும் மழைக்கு முன்னாலேயே சேதி சொல்லுது. உன் ரூமுல மூணாவது படுக்கை சுவத்தோட மடிஞ்சிருக்குமாம், விசாரிச்சிட்டேன். பாஸ்போர்ட்டையும் போன மாசம்தான் புதுப்பிச்சேன், எதுக்கும் இருக்கட்டும்னு.