இரண்டு கை வித்வான்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுசெட்டிசத்திரத்தை அடுத்த திருப்புட்குழியில் நடக்காத அதிசயம் இல்லை. ஜடாயுவுக்கு ராமபிரான் ஈமக்கடன் செய்த தலம். மரகதவல்லித் தாயாரை வேண்டி, வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிப் படுத்தால் விடியும்போது முளைவிடும் என்பது நம்பிக்கை. எனவே உற்சவக் கச்சேரிக்கு இரண்டு கை வித்வான் வந்து இறங்கினால் ஊர் பதறுவதில்லை. இதையும் பார்த்துவிடுவோம் என்று பாயோடு வந்து உட்கார்ந்துவிடுகிறது.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். அழைப்பிதழில் பெயருக்கு முன்னால் மூன்று பட்டங்கள் இருக்கும். கீழே, 'அபூர்வ சாதனைப் பல்லவி' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கும். வர்ணத்தையும் கீர்த்தனைகளையும் கடன் அடைப்பதுபோல் முடித்துவிட்டு மைக்கை அருகே இழுப்பார்.

"வலது கையில் ஆதி, எட்டு அட்சரம். இடது கையில் கண்ட திரிபுடை, ஒன்பது அட்சரம். இரண்டும் 72ஆவது அட்சரத்தில்தான் சந்திக்கும். அந்த இடத்தில் பல்லவி வந்து சேரணும்!"

விளக்கம் கால் மணி நேரம். பல்லவி அதில் பாதி. பக்கத்தில் மிருதங்கக்காரர் முகம் வெளுத்திருக்கும். அவருக்கும் இது இப்போதுதான் தெரியும்.

வித்தை பொய்யில்லை. சுகுணா புருஷோத்தமன் இரண்டு கையிலும் இரண்டு தாளம் போட்டுப் பல்லவி பாடிக் காட்டியவர். மகா வைத்தியநாத ஐயரின் கானடா தில்லானா, 128 அட்சரம் கொண்ட சிம்மநந்தன தாளத்தில் அமைந்தது. ஆதி தாளத்தைப் பதினாறு முறை போட்டால்தான் அதன் ஒரே ஓர் ஆவர்த்தனம் முடியும். பக்கத்திலேயே காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934) இருந்தார். மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று 'ஃபுல் பெஞ்ச்' புடைசூழப் பாடியவர். அவரைக் கேட்டு வளர்ந்த காஞ்சிபுரத்துப் பெண்தான் பிறகு 'பல்லவி' பட்டம்மாள் ஆனார்.

நம் வித்வானுக்கு இவர்களெல்லாம் முன்னுரை. மிகவும் பிடித்த கதை, சியாமா சாஸ்திரிகளுடையது. பொப்பிலி கேசவய்யா தஞ்சாவூரில் சிம்மநந்தனத்தில் பல்லவி பாடிச் சவால் விட, சாஸ்திரிகள் காமாட்சியை வேண்டிக்கொண்டு சரபநந்தனத்தில் பாடி வென்றாராம். கதை சொல்லும்போது சாஸ்திரிகள் யார் என்பதில் வித்வானுக்குச் சந்தேகமே கிடையாது. கேசவய்யா யார் என்று மிருதங்கக்காரரைத் திரும்பிப் பார்ப்பார்.

பல்லவி தொடங்கும். இரண்டு கையும் இரண்டு தொடையில் வேலையாக இருக்கும் நேரம் பார்த்து, ஜடாயு தீர்த்தத்துக் கொசு ஒன்று மூக்கில் வந்து உட்காரும். விரட்டக் கை இல்லை. தலையை வேகமாக ஆட்டுவார். சங்கதி அற்புதம் போலிருக்கிறது என்று முன்வரிசை முழுவதும் சேர்ந்து ஆட்டும்.

வந்து சேர வேண்டிய இடத்தில் பல்லவி வந்து சேராவிட்டாலும் அவர் கலங்கமாட்டார். தாளத்துக்கு முன்னால் விழுந்தால் அதீத எடுப்பு. பின்னால் விழுந்தால் அனாகத எடுப்பு. விழவே இல்லையென்றால் மைக் சரியில்லை.

ராமானுஜர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டதும், உரை சொல்வதில் குருவோடு மாறுபட்டதும் இந்த ஊரில்தான் என்பார்கள். மேடையில் அந்த மரபைக் காப்பாற்றுகிறவர் மிருதங்கக்காரர். வித்வான் 'சமம்' என்று கை காட்டிய இடத்தில் அவர் தீர்மானம் வைப்பதில்லை. தமக்குத் தெரிந்த சமத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். வயலின்காரர் கண்ணை மூடியே இருப்பார். பக்தி என்று நினைத்துக்கொள்ள வேண்டும்.

கைதட்டல் மட்டும் குறைவதில்லை. தப்பிப் பிழைத்தவருக்கும் நாம் தட்டுவோமே!

தூணோரம் உட்கார்ந்திருப்பார்கள் இரண்டு நெசவாளிகள். நாள் முழுதும் இழை எண்ணியே பழகியவர்கள்.

"அண்ணே, உடம்பையும் பார்டரையும் சேர்த்துக் கோர்வை போட நமக்கே எதிர்ப்பக்கம் ஒரு ஆளு வேணும். இவரு ஒண்டியா போடுறாரே!"

"அதாம்பா, பிசிறு தெரியுது."

சாதனைப் பல்லவி பற்றி நான் கேட்ட விமரிசனங்களில் இதுதான் முழுமையானது. பாடுகிறவர் பட்ட பாடு கேட்கிறவர் காதுக்கு எட்டிவிட்டால் பல்லவி தோற்றது என்றே அர்த்தம். கணக்கு உள்ளே கிடக்க வேண்டும், ராகம்தான் வெளியே வரவேண்டும்.

கோயில் கமிட்டியாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த உற்சவத்திலும் இவரையே கூப்பிடுங்கள், ஊருக்குப் பொழுது போகும். மிருதங்கக்காரரிடம் மட்டும் தாளத்தை ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். புளியோதரையைப் பல்லவி முடியும்வரை அண்டாவிலிருந்து எடுக்காதீர்கள். கூட்டம் கலையாமல் இருக்க வேறு வழியில்லை.